பொது – யாருக்கு?

சென்ற மாதம் மணிமேகலை பாடத்துக்கான குறிப்புகளைத் தேடிப் பழைய கோவைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்ட ஒரு பத்திரிகை நறுக்கு கையில் அகப்பட்டது. 2005 ஜூன் மாத இறுதியில் வெளிவந்தது. அந்த மாதம் 24ஆம் திகதி இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையின் தமிழ் வடிவம் அது. அந்நாட்களில் அதை எத்தனை முறை உரத்து வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தலைப்பில் ‘பொது’ என்ற எழுத்துகளின் கீழே பென்சிலால் ஒரு கோடு. அதன் அருகில், என்னுடையதல்லாத கையெழுத்தில், ‘யாருக்கு?’ என்று ஒரே ஒரு சொல்.

இருபது ஆண்டுகளாக அந்தத் தாள் என்னிடமே இருந்திருக்கிறது. அந்தச் சொல்லை நான் மறந்திருந்தேன். மறக்க விரும்பியிருந்தேன் என்று எழுதுவதே நேர்மை.

எங்கள் ஊர் பாண்டிருப்பு. அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு வடக்கே உள்ளது. அதை அடுத்திருப்பது மருதமுனை. முன்னது தமிழர் ஊர். பின்னது முஸ்லிம்களின் ஊர், கைத்தறி நெசவுக்குப் பெயர்போனது. கடற்கரை வழியே நடந்தால் ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தை வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பது கடினம். பென்சிலால் எழுதியவன் மருதமுனை நண்பன். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகத் தமிழ் படித்தோம். என் அப்பாவுக்குக் கரைவலைத் தோணி ஒன்றில் பங்கு இருந்தது. அவனுடைய வாப்பாவுக்கு நான்கு தறிகள் இருந்தன. கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒத்த வழக்கம் ஒன்றுண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவளுக்கு ஒரு வீடும் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளின் இளமை, சகோதரிகளின் வீட்டுச் சுவர்களோடு சேர்ந்தே எழும்பும். எனக்கு ஒரு தங்கை. அவனுக்கு மூன்று. ‘எனக்கு மூன்று வீடு பாக்கி’ என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். ஆழிப்பேரலை இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் 10,000க்கும் அதிகமானோர் எங்கள் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே நூற்றைம்பது மீற்றர்கூட இராது. தங்கைக்கென்று அம்மா எழுதிவைத்த வளவு அது. அம்மம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். மருதமுனையில் தறிகள் நான்கும் போயின. நண்பனின் கடைசித் தங்கையும் போனாள். அவளை அவர்கள் கண்டெடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ‘இரண்டு வீடு பாக்கி’ என்று சொல்லிக் கேட்டதில்லை. எண்ணிக்கையைச் சொல்வதையே விட்டுவிட்டான்.

அலை வடிந்த சில வாரங்களில் கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்ற விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னாளில் அது தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த ஆண்டில், எங்கள் சீதன வளவு ஒரு வரைபடக் கோட்டின் பிழையான பக்கத்தில் கிடந்தது. வேறு காணி, வேறு வீடு என்றால் பணம் வேண்டும். பணம் உலகெங்குமிருந்து வருவதாகச் சொன்னார்கள். 2005 மே மாதம் கண்டியில் நடந்த உதவி மாநாட்டில் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு வாக்குறுதி கிடைத்ததாக வாசித்தோம். தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு அந்தத் தொகையைக் கற்பனை செய்து பார்ப்பது சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

*

பொதுக்கட்டமைப்பு பற்றி இன்று இளையவர்களிடம் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

அலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கரையையும் அடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த கரையையும் அடித்தது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் அப்போது பெயரளவிலேனும் நடைமுறையில் இருந்தது. பணம் கொழும்புக்கு வரும்; முல்லைத்தீவுக்கு அதை யார் கொண்டுபோவது? இந்தக் கேள்விக்கு விடை காண, நோர்வேயின் அனுசரணையோடு ஏறத்தாழ ஆறு மாதம் பேசினார்கள். பேச்சு முடிந்து ஒப்பம் விழுந்தபோது அலை அடித்து ஆறு மாதம் நிறைய இரண்டு நாள்தான் குறைவு. இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பமிடவும் இல்லை.

உடன்படிக்கை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே அரசுக்கு ஒருவர், புலிகளுக்கு ஒருவர், முஸ்லிம்களுக்கு ஒருவர் என மூவர் கொண்ட உயர்மட்டக் குழு. நடுவே பத்துப் பேர் கொண்ட பிராந்தியக் குழு: புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. கீழே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களின் குழுக்கள். கடலிலிருந்து உள்நோக்கி இரண்டு கிலோமீற்றர் வரையான நிலமே அதன் எல்லை. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு ஒரு பிராந்திய நிதியம். அதன் பொறுப்பாளராக உலக வங்கி. பிராந்தியக் குழுவின் இருப்பிடம் கிளிநொச்சி. காலம் ஓர் ஆண்டு.

முகாமில் நான் இதைத்தான் வாசித்துக் காட்டினேன். பட்டம் பெற்று வேலையின்றி இருந்த நாட்கள்; நிவாரணப் பதிவுகளை எழுதுவதும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் சொல்வதும் என் பணியாகியிருந்தன. ‘பொது’ என்ற சொல்லை நான் அழுத்தி வாசிப்பேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் நம்பிக்கை தெரியும். இத்தனை ஆண்டு ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஒரே தாளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். இனிப் பணம் வரும், வளவு வரும், வீடு வரும். அவர்களைவிட எனக்குத்தான் அந்த நம்பிக்கை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பின்னேரம் நண்பன் சைக்கிளில் வந்தான். நறுக்கை வாங்கி முழுவதும் படித்தான். என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடிட்டு, அந்த ஒரு சொல்லை எழுதித் திருப்பித் தந்தான்.

‘என்ன மச்சான் இது?’ என்றேன்.

‘ஒப்பம் வெச்சது ரெண்டு பேர். செத்ததில எங்கட ஆக்கள் எத்தனை பேர்? எங்கட ஒப்பம் எங்க?’

குழுவில் மூன்று பேர் இருக்கிறார்களே என்றேன். ‘அது அவங்க தந்த கதிரை மச்சான். நாங்க கேட்டு வாங்கினதில்ல’ என்றான். பிறகு, குரலை உயர்த்தாமலே, கிளிநொச்சியைப் பற்றிக் கேட்டான். ‘கூட்டம் அங்க எண்டா எங்கட ஆக்கள் எப்பிடிப் போற? தொண்ணூறில வடக்கில இருந்து எங்கட ஆக்களத் துரத்தினது மறந்து போச்சா?’

நான் மறக்கவில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும், அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அந்தப் பின்னேரத்தில் அவற்றை நினைவுபடுத்தியவன் மீதே எனக்குக் கோபம் வந்தது. ‘முதலில் ஏதாவது வரட்டும், பங்கு பிரிப்பதைப் பிறகு பார்ப்போம்’ என்று கடுமையாகச் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முதலில் நாடு முன்னேறட்டும், உங்கள் பங்கைப் பிறகு பார்ப்போம் என்பது கொழும்பு எங்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியம் என்பதை அப்போது நான் உணரவில்லை.

*

உடன்படிக்கைக்கு எதிர்ப்பு ஒப்பமிடும் முன்பே தொடங்கிவிட்டது. கண்டியில் ஒரு பிக்கு சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 16ஆம் திகதி மக்கள் விடுதலை முன்னணி 39 உறுப்பினர்களோடு அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. அன்று அமைச்சுப் பதவியைத் துறந்தவர்களுள் ஒருவர் 2024 செப்டம்பரில் இந்நாட்டின் ஜனாதிபதியானார். ஒப்பம் விழுந்ததும் அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தமிழக நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்போம், அதற்கு மேலே இங்கு வேறு மன்றம் இல்லை.

2005 ஜூலை 15, வெள்ளிக்கிழமை. இடைக்கால உத்தரவு வந்தது. இரவுத் தமிழோசையில் கேட்டோம். மறுநாள் காலை கொட்டில்களின் நடுவே பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பொதுக்கட்டமைப்பை அழுத்தி வாசித்துக் காட்டியவன் நான். இதையும் நான்தான் விளக்க வேண்டும். சட்டச் சொற்களை ஒவ்வொன்றாக உடைத்துச் சொன்னேன். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்த மாமி ஒருவர் கேட்டார்: ‘இடைக்காலம் எண்டா எவ்வளவு காலம் மகன்?’

செப்டம்பரில் மறுபடி விசாரணை என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ‘மாரி மழைக்கு முந்தியெண்டாக் காரியமில்ல’ என்றார். தகரத்தின் கீழே மாரியைக் கழிக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாரியையும் அடுத்த மாரியையும் அவர் அந்தத் தகரத்தின் கீழேயே கழித்தார்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நீதிமன்றத்தைத் திட்டினோம். உத்தரவை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கோபம் ஆறிய பிறகே, அதில் என்ன இருந்தது என்று நான் நிதானமாகத் தெரிந்துகொண்டேன்.

உயர் நீதிமன்றம் உடன்படிக்கையை முழுவதுமாகத் தடுக்கவில்லை. பயங்கரவாத இயக்கம் என்று சொல்லப்படும் ஒன்றோடு ஜனாதிபதி உடன்படிக்கை செய்யவே கூடாது என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் வழங்கும் நோக்கத்தில் பிழை காணவும் இல்லை. அது நிறுத்திவைத்தவை குறிப்பிட்ட சில பிரிவுகளை. பிராந்தியக் குழு திட்டங்களை அங்கீகரித்து நடத்தும் அதிகாரம் அவற்றில் ஒன்று; பிராந்திய நிதியம் மற்றொன்று; அந்தக் குழு கிளிநொச்சியில் இருப்பது இன்னொன்று.

நிதியம் பற்றிய வாதத்தின் சாரம் இது: வெளிநாடு தந்தாலும், நாட்டு மக்களுக்கென்று அரசின் பெயரால் பெறும் பணம் பொது நிதி. இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குத் தருகிறது. 149ஆம் உறுப்புரை திரட்டு நிதியைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தால் அமைக்கப்படாத ஒரு குழுவின் கையில், கணக்காய்வின் பிடிக்கு வெளியே, அப்பணம் போகலாமா?

கேள்வி பிழையானதல்ல. தறியையும் தோணியையும் இழந்தவனுக்கென்று வந்த காசு யார் கையில் இருக்கிறது, அவர் யாருக்குக் கணக்குச் சொல்வார் என்று கேட்பதற்கு எங்களுக்கே முதல் உரிமை இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்காகப் பேசுகிறவர்களிடம் கணக்குக் கேட்கும் பழக்கமும் துணிவும் அப்போது எங்களிடம் இல்லை.

கிளிநொச்சியைப் பற்றிய பகுதிதான் என்னை உட்கார வைத்தது. உதவி வேண்டுகிற எல்லோரும் அச்சமின்றிப் போய்வரக்கூடிய இடமா அது என்பதே அங்கு எழுந்த ஐயம். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து, துப்பாக்கி ஏந்தியவர்களின் ஆட்சிக்குள் போய், ஒரு மருதமுனை நெசவாளி தன் தறிக்குப் பணம் கேட்க முடியுமா? இதைக் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் கேட்பதற்கு இரண்டு வாரம் முன்பே சைக்கிளில் வந்த ஒருவன் என்னிடம் கேட்டிருந்தான். அவனிடமிருந்து வந்தபோது அதைக் காதில் வாங்கவில்லை. கொழும்பிலிருந்து வந்தபோது அதை இனவாதம் என்று ஒதுக்கினேன். இரண்டு முறையும் எனக்கு வசதியான காரணம் கிடைத்தது.

*

இதனால் அந்த உத்தரவை நான் நியாயம் என்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம்.

அதே ஆண்டில், அதே நீதிமன்றத்தின் முன் சுனாமிப் பணம் பற்றிய இன்னொரு வழக்கும் இருந்தது. அன்றைய பிரதமரின் சொந்த மாவட்டத்துக்கென்று ‘ஹம்பாந்தோட்டைக்கு உதவுவோம்’ என்ற பெயரில் இருந்த கணக்குக்கு, ஏறத்தாழ 8 கோடியே 20 இலட்சம் ரூபா நிவாரணப் பணம் போனது பற்றிப் பொலிஸ் விசாரணை தொடங்கியிருந்தது. பிரதமர் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். நீதிமன்றம் விசாரணையை நிறுத்தியது. 2006 மார்ச்சில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பும் வந்தது. இரண்டு வழக்கின்போதும் பிரதம நீதியரசராக இருந்த சரத் என். சில்வா, ஓய்வுபெற்ற பின் 2014இல், ஹம்பாந்தோட்டைத் தீர்ப்புக்காக நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பொது நிதி எங்கே போகிறது என்ற கேள்வி கிளிநொச்சியை நோக்கிச் சென்ற வேகத்தில் ஹம்பாந்தோட்டையை நோக்கிச் செல்லவில்லை.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. உத்தரவு இடைக்காலமானது, சொன்ன காரணங்களும் திருத்தக்கூடியவை. குழுவை எல்லோரும் போகக்கூடிய ஓர் ஊருக்கு மாற்றியிருக்கலாம். நிதியத்துக்குச் சட்டமும் கணக்காய்வும் சேர்த்திருக்கலாம். மூன்றாவது ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்கலாம். எவரும் திருத்தி எழுதவில்லை. மனுதாரரின் கவலை நாட்டின் இறைமை பற்றியது. மருதமுனையின் தறி பற்றியதல்ல. என் நண்பனின் கேள்வி நீதிமன்றத்தில் வென்றது என்று சொல்லலாம். ஆனால் அவனுக்கு ஒரு கதிரைகூட மிஞ்சவில்லை.

செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச மக்கள் விடுதலை முன்னணியோடு செய்த தேர்தல் உடன்பாட்டில் பொதுக்கட்டமைப்பைக் கைவிடுவதும் ஒன்றாக இருந்தது. நவம்பர் 17ஆம் திகதித் தேர்தலை வடக்கில் மக்கள் வாக்களிக்காதவாறு புலிகள் தடுத்தார்கள். ஏறக்குறைய 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். பொதுக்கட்டமைப்பு ஒரு நாள்கூட இயங்கவில்லை. அடுத்த ஆண்டு போர் திரும்பிவந்தது.

நாட்காட்டியில் ஒன்றைப் பார்க்கும்போது இன்றும் மனம் சங்கடப்படும். எங்கள் தடையுத்தரவு ஜூலை 15. சரியாக ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 15ஆம் திகதி, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சேயின் விடுதலை இயக்கமும் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதே அலை அங்கே 1,50,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அங்கு அவர்கள் முதலில் போரை முடித்தார்கள், துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள், மீள்கட்டுமானத்துக்குத் தனியாக ஓர் அரச முகவரகம் ஏப்ரலிலேயே அமைந்திருந்தது. நாங்கள் போரை அப்படியே வைத்துக்கொண்டு, காசை மட்டும் பொதுவாக்கப் பார்த்தோம். ஆச்சேயில் எல்லாம் நலம் என்று சொல்லவரவில்லை. அங்கே இரண்டு தரப்புக்கும் இழப்பதற்கு மனம் இருந்தது.

இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது பலருக்கும் தெரியாது. தடைசெய்யப்பட்ட இயக்கங்களுக்கு ‘பொருள் உதவி’ செய்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்த அந்த வழக்கில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் இருந்தன. சர்வதேச அமைப்புகளிடம் சுனாமி நிவாரணம் கோருவது எப்படி என்று புலிகளுக்குப் பயிற்சி தருவது குற்றமா என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. 2010 ஜூன் 21ஆம் திகதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்றார்கள். அந்த இயக்கம் போரில் தோற்கடிக்கப்பட்டுவிட்டதால் தமிழ் அமைப்புகள் கேட்டவற்றில் பெரும்பகுதி இனிப் பொருளற்றது என்றும் அதில் இருந்தது. அப்போது முள்ளிவாய்க்கால் முடிந்து ஓர் ஆண்டு கடந்திருந்தது. கேட்டவர்களும் இல்லை, கேட்கப்பட்ட பணமும் இல்லை. கேள்விக்கு மட்டும் விடை வந்து சேர்ந்தது.

*

மணிமேகலைக்கு வருகிறேன். கடல்கொண்ட நகரையும் பசிப்பிணி தீர்க்கும் பாத்திரத்தையும் ஒரே கதையில் வைத்த காப்பியம் அது. சுனாமிக்குப் பிறகு அதைப் பாடம் சொல்வது எங்கள் ஊர்ப் பக்கத்தில் எளிதான காரியமல்ல. வகுப்பில் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார். அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது என்பதைத்தான் பல ஆண்டுகளாக நான் விரித்துரைத்து வந்தேன். இம்முறை குறிப்பெடுக்கையில் கண்ணில் பட்டது வேறு. பாத்திரம் கையில் வந்ததும் மணிமேகலை அதைக் கொண்டு போய்ச் சேர்வது உலக அறவிக்கு. அது காவிரிப்பூம்பட்டினத்தின் ஊரம்பலம். பசியால் வாடியவரும் ஆதரவின்றிப் பிணியுற்றவரும் ஏற்கெனவே வந்து தங்கும் இடம். பசித்தவர்களை அவள் தன் இடத்துக்கு அழைக்கவில்லை; பசித்தவர்கள் இருந்த இடத்துக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோனாள். அவ்வளவு ஆற்றல் பெற்றவளும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க மன்னனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அரசைத் தவிர்த்து அறம் செய்துவிட முடியும் என்று சாத்தனாரும் சொல்லவில்லை.

பழந்தமிழில் மன்றம் என்பதும் பொதியில் என்பதும் ஊரார் கூடும் பொது இடங்களே. அந்த மன்றம்தான் இன்று பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2005இல் எல்லாத் தரப்பும் ‘பொது’ என்ற சொல்லைத்தான் கையில் வைத்திருந்தது. அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு என்றார்கள். மனுதாரர்கள் பொது நிதி என்றார்கள். நான் முகாமில் அந்தச் சொல்லை அழுத்தி வாசித்தேன். அந்தச் சொல்லின் அருகே கேள்விக்குறி போட்டவன் ஒருவன்தான்.

2005 இறுதியில் அவன் கட்டாருக்குப் போனான். இரண்டு தங்கைகளுக்கும் வீடு கட்ட அவனுக்கு ஒன்பது ஆண்டு பிடித்தது. என் தங்கைக்கு 2007இல் ஒரு தொண்டு நிறுவனம் ஊரின் உட்புறத்தில் வீடு தந்தது. அதன் முற்றத்தில் நின்றால் கடல் இரைவது கேட்காது. கலியாணத்துக்கு அவனால் வர முடியவில்லை. வாப்பா வந்தார். புதிதாகப் போட்ட தறியில் நெய்த ஒரு சேலையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போனார். அந்தப் பின்னேரம் பற்றி நானும் நண்பனும் அதன் பிறகு பேசியதே இல்லை. பெருநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, பிள்ளைகளின் பரீட்சை என்று பேசிக்கொள்வோம்.

நறுக்கைக் கண்டெடுத்த அன்று இரவு அவனுக்குத் தொலைபேசினேன். இப்போது ஊரில்தான் இருக்கிறான். எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

‘நான் எழுதினது நினைவில்ல மச்சான். நீ கோபிச்சது நினைவிருக்கு’ என்றான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இருபது ஆண்டு பிந்தியதுதான். ‘அத விடு’ என்றான். பிறகு அந்தத் தாளை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். வகுப்புக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னேன். கல்வியியற் கல்லூரியில் என் வகுப்பில் பாண்டிருப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மருதமுனைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அலை அடித்தபோது அவர்களில் எவரும் பிறந்திருக்கவில்லை, அல்லது தொட்டிலில் கிடந்தார்கள்.

‘கொண்டு போ. பென்சில அழிச்சிராத’ என்றான்.

அழிக்கவில்லை. அடுத்த கிழமை உலகவறவி புக்க காதை தொடங்குகிறது. பாடத்துக்கு முன் அந்த நறுக்கை வகுப்பில் சுற்றுக்கு விடலாம் என்றிருக்கிறேன்.